செத்தவர் ஆன்லைனில் இருக்கிறார்

அத்தியாயம் 7

வேல்சாமி காலமான மறுநாள் காலையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவனுக்கு டீ கிடைக்கவில்லை.

இல்லை என்று யாரும் சொல்லவில்லை. டீ குடிப்பதற்காக அவன் மாஸ்க்கை இறக்கினான், அவ்வளவுதான். மாஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் சுவரில் பசை காயாமல் இருந்த போஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார். “யாத்தாடி!” என்று கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடி, பின்வாசல் வழியாகத் தெருவுக்கே போய்விட்டார்.

“அண்ணாச்சி, சீனி கம்மியாப் போடச் சொன்னேன். அதுக்கா இந்த ஓட்டம்?” என்று கேட்டுப் பார்த்தான் வேல்சாமி.

திரும்பிப் போஸ்டரைப் பார்த்தான். கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவன் படம். டிரைவிங் லைசென்ஸுக்காக எடுத்தது. அதில் அவன் அப்போதே பாதி செத்தவனாகத்தான் தெரிவான். கீழே, ‘மீளாத் துயரில் வாடும் அன்பு மகன் பேச்சிராஜா’. அதற்கும் கீழே, தொடர்புக்கு என்று ஒரு செல் நம்பர். அதுவும் அவனுடைய நம்பர்தான். கல்யாணமே ஆகாத மனுஷனுக்கு மகன் முளைத்ததில்கூட அவனுக்கு வருத்தம் இல்லை. ஆனால் சொந்தச் சாவைச் சுவரில் பார்த்துக்கொண்டு யாரால்தான் அங்கே நிற்க முடியும்? மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு ஓரமாக நடையைக் கட்டினான்.

கனகம் விசாரணை நிலையம், ரதவீதியை ஒட்டிய சந்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. அதை நடத்துகிற கனகலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது. மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்வது அவள் தொழில். கொரோனா வந்து ஊரில் கல்யாணங்களே நின்று போனதால், வந்த கேஸையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாள். வேல்சாமி அவளுடைய ஒரே உதவியாளன். காலைவிட அவனுக்கு வாய் நீளம் என்பது அவள் அபிப்பிராயம்.

“வாலே. பரலோகத்துல எல்லாரும் சௌக்கியமா?” என்றாள்.

“நீங்க சிரிப்பீய. எதிர்வீட்டு அக்கா விடியக்காலம் கேந்திப்பூ மாலையோட வந்துட்டா. நானே போயிக் கதவைத் தொறந்தேன். மாலையை என் கழுத்துல போடவா, நிலைப்படியில வைக்கவான்னு தெரியாம அப்படியே நிக்கா.”

“எல்லாச் சுவர்லயும் ஒட்டிட்டியா?”

“ஒட்டியாச்சு. பஸ் ஸ்டாண்டுல மகன் பேச்சிராஜா. ரதவீதியில மகன் செல்லச்சாமி. ரயில்வே ஸ்டேஷன் ரோட்டுல மகன் குருநாதன். சுவருக்கு ஒரு மகன். இனிமே எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?”

“முன்னாடியும் எவனும் குடுக்கலையே. போன் வந்துச்சா?”

“துக்கம் கேட்டுத்தான் வருது. எங்க மாமா மேலநீலிதநல்லூர்ல இருந்து போன் போட்டு ஒரே அழுகை. ‘மாமா, நாந்தான் பேசுதேன்’னேன். அந்தப் பக்கம் போன் கீழ விழுந்த சத்தந்தான் கேட்டுச்சு.”

கனகலட்சுமி சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த தன் செல்போனை அவன் பக்கம் தள்ளினாள். வாட்ஸ்அப்பில் ஒரு மனிதர், மல்லிகைப்பூக் குவியலுக்குப் பின்னால் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் காசி. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஆன்லைன்’ என்று இருந்தது.

வேல்சாமிக்கு முதுகில் ஜில்லென்று ஏறியது. இதை அவன் எத்தனையோ தடவை பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் ஏறத்தான் செய்கிறது. காசி செத்து இரண்டு மாதம் ஆகிறது.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர் காசி. இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிளாஸ்டிக்கில் சுற்றிய பொட்டலமாகத் திரும்பினார். மனைவி பொன்மணியைக் கிட்டத்தில் விடவில்லை, முகத்தைக் காட்டவில்லை. ஊரடங்கில் துக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர்கூட வரவில்லை. அவரை வழியனுப்ப நடந்ததெல்லாம் ஒரே ஒரு காரியம்: சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள்.

ஆறு வாரம் கழித்து அவர் வாட்ஸ்அப்புக்கு உயிர் வந்தது.

பொன்மணி இந்த மாடிப்படி ஏறி வந்து, இதைச் செய்தது யார் என்று கேட்கவில்லை. கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. “எங்க வீட்டு ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க” என்றாள். “உசுரோடதான் இருக்காவ. பொட்டலத்துல இருந்தது வேற ஆரோ. பாருங்க, ஆன்லைன்ல வாராவ. நான் சாப்டாச்சான்னு கேட்டா பதில் போடுதாவ.” ஊசி போட்டுக்கொண்டாயா அம்மா என்று கேட்டதற்கு, அவர் வந்ததும் சேர்ந்து போய்ப் போட்டுக்கொள்வோம் என்றாள். காய்ச்சல் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அவள் வராத புருஷனுக்காக ஊசி போடாமல் காத்திருந்தாள்.

“இந்தக் கேஸ்ல திருடனைப் பிடிக்கது லேசு” என்று கனகலட்சுமி அன்றைக்கே சொன்னாள். “அவளுக்கு அவளோட புருஷன் செத்துப்போயிட்டான்னு யாரு சொல்லுதது?”

திருடன் வந்த வழியை அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். காசி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் காசியின் நம்பர் ஒன்றுதான். போஸ்டர் அடிக்கும்போது, அழுதுகொண்டே அதையே கொடுத்துவிட்டார்கள். செத்தவருக்குத் துக்கம் கேட்க, செத்தவருக்கே போன் போட வேண்டும். அந்த நம்பருக்கு ஒருவன் பேசினான். காசிக்கு இரண்டாவது தடுப்பூசிக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, அதை ரத்து செய்ய போனுக்கு ஆறு இலக்க நம்பர் வரும், சொல்லுங்கள் என்றான். பொன்மணி சொன்னாள். அது ஊசிக்கான நம்பர் இல்லை; காசியின் வாட்ஸ்அப்பைத் திறக்கிற நம்பர். அடுத்த நிமிஷம் காசி அவன் கைக்குப் போய்விட்டார். வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் சாவுச் செய்தி எட்டாத பூ விவசாயிகளுக்கெல்லாம், ‘ஊசிக்கு இடம் பிடித்துத் தருகிறேன், உங்கள் போனுக்கு வரும் நம்பரை அனுப்புங்கள்’ என்று காசி எழுத ஆரம்பித்தார். நம்பி அனுப்பியவர்கள் கணக்கும் போச்சு, காசும் போச்சு. கனகலட்சுமி ஒருதடவை காசியின் கணக்கை மீட்டுக் கொடுத்தாள்; மறுநாளே அது மறுபடியும் அவன் கைக்குப் போய்விட்டது.

“செத்தவன் வீடாப் பாத்து ஏன் போகணும்?” என்று வேல்சாமி கேட்டிருந்தான்.

“செத்தவன் புகார் குடுக்க மாட்டாம்லா” என்றாள் அவள்.

போஸ்டர்தான் வழி என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு வரி. ஒரு விவசாயிக்குக் காசி எழுதியிருந்தார்: ‘என் மகன் இசக்கிராஜாவுக்கும் இப்படித்தான் பதிஞ்சேன்.’ காசிக்குப் பிள்ளை கிடையாது. இசக்கிராஜா அவருடைய அண்ணன் மகன், கொள்ளி வைத்தவன். கொள்ளி வைத்த உரிமைக்காக அவனை மகன் என்று போட்டிருந்த இடம், உலகத்திலேயே அந்தப் போஸ்டர் ஒன்றுதான்.

அதனால்தான் இந்தப் பொறி. சுவருக்கு ஒரு மகன். எந்த மகன் பெயரைச் சொல்லிப் போன் வருகிறதோ, அந்தச் சுவர்ப் பக்கத்தில் இருக்கிறான் திருடன்.

வேல்சாமியின் சட்டைப்பையில் போன் அடித்தது. புது நம்பர். கனகலட்சுமி கண்ணைக் காட்டினாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

“வணக்கம். தடுப்பூசி மையத்துல இருந்து பேசுறோம்.” அனுதாபம் சொட்டுகிற குரல். “காலஞ்சென்ற வேல்சாமியோட மகன் சண்முகையாங்களா?”

வேல்சாமி கனகலட்சுமியைப் பார்த்தான். சண்முகையாவா? கனகலட்சுமி ‘பேசு’ என்று கையை ஆட்டினாள்.

“ஆமா சார்” என்று குரலை உடைத்தான். “எங்கப்பா போயிட்டாவ சார். தங்கமான மனுஷன். இந்த ஊருல அவரை மாதிரி அழகன் கிடையாது.”

கனகலட்சுமி பேனாவால் அவன் முழங்கையில் குத்தினாள்.

“வருத்தப்படாதீங்க. அவருக்கு ரெண்டாவது ஊசிக்குப் பேர் பதிஞ்சிருக்கு. ரத்து பண்ணலைன்னா உங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் ஊசி கிடைக்காது. இப்ப அவரு போனுக்கு ஆறு நம்பர் வரும். உடனே சொல்லணும். லேட் பண்ணாதீங்க.”

“அப்பா போன் பூட்டிக் கெடக்கு சார். தொறந்துட்டு நானே கூப்பிடுதேன்.”

போனை வைத்தான்.

“கேட்டியா?” என்றாள் கனகலட்சுமி. “ஊசி போடுதவங்க போன்ல நம்பர் கேக்கவே மாட்டாவ. அது வீட்டுச் சாவி. அதை நாமளே நம்ம கையால போடணும், அடுத்தவன்ட்ட குடுக்கக்கூடாது. ‘இப்பவே சொல்லு, லேட் பண்ணாத’ன்னு எவன் நம்மளை யோசிக்க விடலையோ, அவன் களவாணிப்பய. பள்ளிக்கூடத்துல முகாம் போட்டு வரிசையில நிக்க வச்சு ஊசி போடுதாவ, அதுக்கு எவன் சிபாரிசு வேணும்?”

“அதெல்லாம் சரிக்கா. சண்முகையா யாரு? அந்தப் பேரை நான் எந்தச் சுவர்லயும் ஒட்டவே இல்லையே!” வேல்சாமியின் குரல் நிஜமாகவே உடைந்தது. “காசியோட ஆவி கீவி…”

“ஆவிக்கு உன்னை எதுக்குலே தெரியணும்?” அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். “நீ ஒட்டுன போஸ்டர் மூணும் புளியங்குடியில அடிச்சது. அதுக்கு முன்னாடி, காசிக்குப் போஸ்டர் அடிச்ச மம்மது பாய் கடைக்குப் போயி, உன் படத்தைக் குடுத்து, மகன் சண்முகையான்னு போடச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுனாவ. வீட்டுல கலந்துட்டு வாரேன்னு வந்துட்டேன். துக்க வீட்டுல எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்? அந்தப் பேரு காகிதத்துக்கே வரல. அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்கு.”

“அப்போ மூணு சுவர்ல எதுக்கு என்னைச் சாகடிச்சீய?”

“கடைக்காரனா, சுவரைப் படிக்கிற எவனாவதான்னு தெரியணும்லா. வா.”

மம்மதுவின் கடை ராஜபாளையம் ரோட்டில் இருந்தது. மம்மது வெளியே ஒரு பிளக்ஸ் போர்டுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே, கம்ப்யூட்டரில் போஸ்டர் வடிவமைக்கிற வேலையாள் லிங்கேஷ் மட்டும் இருந்தான். முப்பது வயது, படிய வாரின தலை. ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

வேல்சாமி அவன் எதிரே போய் உட்கார்ந்தான். மாஸ்க்கை இறக்கினான்.

“தம்பி, ரத்து பண்ணணும்னு போன் போட்டீயளாம். மகனை எதுக்கு அலைய விடணும்னு நானே வந்துட்டேன்.”

லிங்கேஷ் நாற்காலியோடு பின்னால் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சுவர் வரைக்கும் நகர்ந்து போனான். மேஜை டிராயரில் மூன்று செல்போன்கள் இருந்தன. ஒன்றைக் கனகலட்சுமி எடுத்துத் திறந்தாள். மல்லிகைப்பூவுக்குப் பின்னால் காசி சிரித்தார்.

அதில் பொன்மணியோடு நடந்த பேச்சு இருந்தது. வேல்சாமி எட்டிப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று அப்புறம் நினைத்தான்.

சாப்டாச்சா? ம். மாத்திரை போட்டியளா? ம். எப்ப வாரிய? வருவேன். மழை பெய்யுது, நனையாதிய. ம். சாப்டாச்சா? ம். சாப்டாச்சா? ம்.

“காசு எதுவும் அவங்கட்ட கேக்கலக்கா” என்றான் லிங்கேஷ். முகம் வெளுத்திருந்தது. “விவசாயிங்கட்டதான் வாங்குனேன். இவங்க தினமும் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. பதில் போடலைன்னா, நீல டிக் விழுந்துருச்சு, ஏன் பேசலைன்னு அழுவாங்க. சும்மா ம்னு போட்டேன்.”

“ஒருதடவை நான் அந்தக் கணக்கை மீட்டுக் குடுத்தேன்ல. மறுநாளே திரும்ப உன் கைக்கு எப்படி வந்துச்சு? யாரை ஏமாத்தி நம்பரை வாங்குன?”

“யாரையும் ஏமாத்தலக்கா. என் பிள்ளைங்க மேல சத்தியம்.” அவன் எச்சிலை விழுங்கினான். “அந்தம்மாவே எனக்குப் போன் போட்டாங்க. ‘தம்பி, எங்க வீட்டு ஆளை நேத்துல இருந்து ஆன்லைன்ல காணோம். அன்னைக்கு ஒரு நம்பர் கேட்டீயளே, அதைத் திரும்ப அனுப்புங்க, நான் சொல்லுதேன்’ன்னாங்க. நான் பயந்துட்டேன். வேண்டாம்னுதான் சொன்னேன். ‘அவுக வரணும்லா தம்பி’ன்னு சொல்லி அழுதாங்க.”

இத்தனை நாளும் கணக்கை யாரோ பெரிய கில்லாடி உடைத்துத் திறக்கிறான் என்று நினைத்திருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு வாசலில் நின்றது பொன்மணிதான்.

லிங்கேஷை மம்மது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். இவர்கள் இரண்டு பேரும் பொன்மணி வீட்டுக்கு நடந்தார்கள்.

கதவைத் திறந்த பொன்மணி அவனைப் பார்த்ததும் அசந்து நின்றாள். மாஸ்க்கை ஏற்ற அவன் மறந்திருந்தான். பயப்படுவாள் என்று பார்த்தால், அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“தம்பி! உங்களை ரதவீதியில போஸ்டர்ல பாத்தேனே! காலையில இருந்து மனசே சரியில்ல.” அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். “உசுரோட நிக்கியளே! அப்போ போஸ்டர்ல போட்டா செத்ததா அர்த்தமில்லைலா? எங்க வீட்டு ஆளையும் அப்படித்தானே போட்டாவ!”

திருடனுக்கு வைத்த பொறியில் இவள் வந்து விழுவாள் என்று அவர்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அது பொய்ப் போஸ்டர்க்கா” என்றான் மெதுவாக. “உங்களை ஏமாத்துனவனைப் பிடிக்க நாங்களே ஒட்டுனது. அவனைப் பிடிச்சிட்டோம். உங்களுக்கு ம் போட்டதெல்லாம் அவன்தான்.”

“இருக்கட்டும். அதுக்காக எங்க வீட்டு ஆளு இல்லைன்னு ஆயிருமா? முகத்தை யாரு பாத்தா?”

கனகலட்சுமி விவாதம் செய்யவில்லை. “அண்ணாச்சி போனை எடுத்துட்டு வாங்க” என்றாள்.

சாமி படங்களுக்கு நடுவில் இருந்த போனைப் பொன்மணி எடுத்து வந்தாள். கனகலட்சுமி அதில் வாட்ஸ்அப்பை மறுபடியும் பதிந்தாள். ஆறு இலக்க நம்பர் வந்தது. அதை அவள் படிக்கவில்லை. போனைப் பொன்மணியிடம் கொடுத்தாள்.

“எங்ககிட்டயும் சொல்லாதீங்க. உங்க கையால போடுங்க.”

பொன்மணி ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். வாட்ஸ்அப் திறந்தது.

“இப்ப உங்க போனைப் பாருங்க.”

“ஆன்லைன்!” என்றாள் பொன்மணி. “பாத்தியளா? இருக்காவ!”

“அண்ணாச்சி போனை அணைங்க.”

அணைத்தாள். தன் போனைப் பார்த்தாள். அந்த எழுத்து போய்விட்டது.

“தொறங்க.”

திறந்தாள். வந்தது. அணைத்தாள், போனது. யாரும் சொல்லாமல் அவளே இன்னொரு தடவை திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, காசியின் போனை மடியில் வைத்துக்கொண்டு, தன் போனில் எதையோ மெல்ல எழுதி அனுப்பினாள். மடியில் டிங் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். ‘சாப்டாச்சா?’ என்று காசியின் போன் அவளையே கேட்டது.

வெகு நேரம் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்சாமி கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டான்.

அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு மாதமாக உள்ளேயே கிடந்த சத்தம். அதைக் கேட்டு அடுத்த வீட்டுத் தங்கத்தாய் அடுப்பில் கிடந்ததை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலில் கூடினார்கள். ஊரடங்கில் இந்தப் படியை மிதிக்காதவர்கள்தான் எல்லோரும்.

“என்னட்டி? என்ன ஆச்சு?” என்றாள் தங்கத்தாய்.

பொன்மணி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டு ஆளு போயிட்டாவக்கா” என்றாள். “இப்பத்தான் போனாவ.”

இரண்டு மாதம் ஆயிற்றே என்று தங்கத்தாய் சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, ஒப்பாரியை எடுத்தார்கள். வேல்சாமி செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, துக்கத்துக்கு வந்தவனாக வாசல் ஓரத்தில் உட்கார்ந்தான்.